கவர் அண்ணி தைத்த பத்து உறைகள்

அந்தத் தெருவில் எந்தப் பொருளும் வெறும் உடம்போடு இருக்காது. டிவிக்கு உறை, ஃபிரிட்ஜுக்கு உறை, மிக்ஸிக்கு உறை, மிக்ஸி ஜாருக்குத் தனியாக ஒரு குட்டி உறை. வாசலில் நிற்கும் ஸ்கூட்டருக்கு மழைக்கோட்டுத் துணியில் ஓர் உறை. மாடி வீட்டு டியூஷன் டீச்சர் ரிமோட்டுக்குக்கூட உறை போட்டிருந்தார். எந்தப் பட்டன் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் தடவித் தடவிச் சேனல் மாற்றுவார்.

ஆடம்பரத்துக்காகச் செய்ததல்ல. தெருவின் முதுகை ஒட்டிக்கொண்டு நெடுஞ்சாலை போகிறது. லாரியும் பஸ்ஸும் காரும் இரவு பகல் பார்க்காமல் போய்க்கொண்டே இருக்கும். காலையில் துடைத்த மேஜையில் மத்தியானம் விரலால் கோலம் போடலாம். அந்தத் தூசி மண் தூசியும் இல்லை. கறுப்பாக, பிசுபிசுப்பாக, துடைத்தால் இழுபட்டுக்கொண்டே வரும். பாலம் கட்டினார்கள், சாலையை அகலப்படுத்தினார்கள், பெயின்ட் அடித்தார்கள். பக்கத்தில் குடியிருக்கிறவர்கள் எதை மூச்சாக இழுக்கிறார்கள் என்று மட்டும் யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

அத்தனை உறைகளையும் தைத்தவள் ஒருத்தி. தெரு அவளைக் கவர் அண்ணி என்று கூப்பிடும். நெடுஞ்சாலைப் பக்கம் ஜன்னல் உள்ள கீழ் வீட்டின் முன்னறையில் ஒரு பழைய தையல் மிஷின், மூலையில் சுருட்டிச் சாய்த்த ரெக்ஸின், காடாத் துணி, எலாஸ்டிக் கட்டு. ஒரு பொருளை நாலு பக்கமும் ஒரு தடவை பார்த்தால் போதும், அளவு அவள் கைக்கு வந்துவிடும். மடிப்பு பிசகாது, மூலை தொளதொளக்காது. "அண்ணி தச்சா அது சட்டை இல்ல, தோலு," என்பார் தெருமுனைப் பஞ்சர் கடைக்காரர். அவருடைய காற்றடிக்கும் மோட்டாருக்கே அவள் உறை தைத்துக் கொடுத்திருந்தாள்.

அவள் சுத்தமோ ஊர் அறிந்த சுத்தம். யாராவது வருகிறார்கள் என்றால், வருகிறவர் செருப்பைக் கழற்றுவதற்குள் நாற்காலியைத் துடைத்துவிடுவாள். அவர் போன பிறகு இன்னொரு தடவை துடைப்பாள். இந்தத் தெருவில் குடியிருப்பதாலேயே தன்னை யாரும் அழுக்கானவள் என்று நினைத்துவிடக் கூடாது என்பதில் அவளுக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. பாவம், அந்தப் பிடிவாதம்தான் பிறகு அவளைக் குப்புறத் தள்ளியது.

அண்ணி என்ற பெயர் அவளுக்கு நாத்தனாரால் வந்தது. அவள் வாய் ஓயாமல் "அண்ணி, அண்ணி" என்று கத்தியதில் தெருவுக்கே இவள் அண்ணியாகிவிட்டாள். நாத்தனாருக்குத் தெரு வைத்த பெயர் சில்லறை. நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடியில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து வருஷக்கணக்காகப் பணம் வாங்கியவள். "சில்லறையா குடுங்க சார்" என்று சொல்லிச் சொல்லி, வீட்டில் சாம்பார் கேட்கும்போதுகூட அதே ராகத்தில்தான் கேட்பாள். கூண்டின் ஜன்னல் எப்போதும் திறந்தே இருக்க வேண்டும். லாரிகள் வந்து நின்று, புகையை நேராக முகத்தில் விட்டுவிட்டுப் போகும். வேலை அவளை விட்டதா, நெஞ்சு வேலையை விட்டதா என்று சொல்ல முடியாது. ஒருநாள் கூண்டிலேயே மூச்சுத் திணறி விழுந்தாள். அதற்குப் பிறகு வீட்டோடு.

அண்ணியின் கணவர் அதற்கும் முன்பே போய்ச் சேர்ந்திருந்தார். அண்ணன் போனதும் நாத்தனார் மூட்டை கட்டுவாள், அல்லது அண்ணி கட்ட வைப்பாள் என்று தெரு ஆவலோடு காத்திருந்தது. நாத்தனாரும் அண்ணியும் ஒரே கூரையின் கீழ் ஒற்றுமையாக இருந்தால் பார்க்கிறவர்களுக்குப் பொழுது எப்படிப் போகும்? ஆனால் இவர்கள் இருவரும் நாள் முழுக்கச் சண்டை போட்டுக்கொண்டே, ஒருத்தி இல்லாமல் இன்னொருத்தி ஒரு வாய் டீ குடிக்காமல் காலம் தள்ளினார்கள்.

டாக்டர் ஒன்றைத் தெளிவாகச் சொல்லியிருந்தார். பனிக்காலத்தில்தான் ஆபத்து. பனி இறங்கினால் புகை மேலே போகாது, வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும். ஓர் அறையாவது சுத்தமான காற்றோடு இருந்தால் சில்லறை தாக்குப்பிடிப்பாள். இல்லையென்றால் சொல்வதற்கில்லை. அதைக் கேட்டுவிட்டு வெளியே வந்த சில்லறை, "அண்ணி, டாக்டர் என்னை எங்கயாவது மலை மேல வீடு வாங்கச் சொல்றாரு. நீங்க ரெக்ஸின் வித்து வாங்கிக் குடுத்துடுங்க," என்றாள். அண்ணிக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் காத்துப் பொண்ணு வந்தாள். சுகாதார அலுவலகத்தில் வேலை பார்க்கும் சின்னப் பெண். தெருவின் கடைசியில் இருக்கும் பள்ளிக்கூடத்து வகுப்பறையில் கூட்டம் போட்டாள். பெரியவர்கள் எல்லாரும் குழந்தைகள் பெஞ்சில் முழங்காலை நெஞ்சோடு சேர்த்து உட்கார்ந்திருக்க, அவள் ஒரு வெள்ளைப் பெட்டியைத் தூக்கிக் காட்டினாள். டிபன் டப்பா அளவுதான். பக்கவாட்டில் பொடிப்பொடி ஓட்டை, உள்ளே சின்ன விசிறி, ஒரு பச்சை விளக்கு.

"இது காத்தை இழுத்து, அதுல எவ்வளவு புகைத்தூள் இருக்குன்னு அளக்கும். நாங்க ஆபீஸ்ல உக்காந்து முடிவு பண்ணப் போறதில்ல. நீங்களே உங்க வீட்டு ஜன்னல்ல மாட்டி, நீங்களே பாத்துக்கணும். அளவு அதிகமா வர்ற தெருவுக்குக் காத்தைச் சுத்தம் பண்ற பெட்டி குடுப்பாங்க. மூச்சு வியாதிக்காரங்க இருக்கற வீட்டுக்கு முதல்ல. அப்புறம் ரோட்டோரம் தடுப்புச் சுவர் கேக்கலாம்."

தெரு சந்தேகத்தோடு பார்த்தது. இதுவரை வந்தவர்கள் எல்லாரும் போட்டோ எடுத்துக்கொண்டு போனவர்கள்தான். பஞ்சர் கடைக்காரர், "கரண்ட் பில் யாரு கட்டுறது?" என்று ஆரம்பித்தார். அப்போது பின் பெஞ்சிலிருந்து சில்லறை எழுந்தாள். எழுந்ததற்கே மூச்சு வாங்கியது.

"ஏன்யா, ஓசியில விஷம் வாங்கி வாங்கிக் குடிக்கிறோம், அதை அளக்கக் கணக்குப் பாக்குறீங்களா? எங்க வீட்டுல முதல் பெட்டியை மாட்டும்மா. மத்த வீட்டுக்கு நான் சொல்றேன்."

சொன்னபடி வீடு வீடாகப் போனாள். நாலு படி ஏறி, நின்று, சுவரைப் பிடித்து, மறுபடி நாலு படி. டீச்சர் வீட்டு மாடிக்கு ஏறி முடித்தபோது பேச்சே வரவில்லை. நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள், ஜன்னலைத் தொட்டுக் காட்டினாள். டீச்சர் உடனே சரி என்றுவிட்டார். இப்படியாகப் பத்து வீடுகள் சேர்ந்தன.

பெட்டிகளை மாட்டிவிட்டுப் போகும்போது காத்துப் பொண்ணு ஒவ்வொரு வீட்டிலும் ஒரே வார்த்தையைச் சொன்னாள். "ரொம்ப விலை அதிகம்க்கா. பத்திரமா பாத்துக்குங்க."

பத்திரம் என்ற சொல்லை அண்ணியிடம் சொன்னால் என்ன ஆகும்? அடுத்த நாள் மத்தியானம் அவள் ஜன்னலைத் துடைக்கப் போனாள். புத்தம் புதுப் பெட்டி. அதன் தலையில் அதற்குள் கறுப்புப் படிந்திருந்தது. அரசாங்கப் பொருள், நம்பிக் கொடுத்துவிட்டுப் போன பொருள், திருப்பி வாங்க வரும்போது அழுக்காக இருந்தால் என்ன நினைப்பார்கள்? அண்ணிக்குப் பொறுக்கவில்லை. நாலு பக்கமும் ஒரு தடவை பார்த்தாள். உட்கார்ந்தாள்.

வெளியே ரெக்ஸின், உள்ளே காடாத் துணியில் லைனிங், அடியில் எலாஸ்டிக், ஓரத்தில் நீலத் துணி மடித்துத் தைத்த பைப்பிங். வயர் வெளியே வர மட்டும் அழகாக ஓர் ஓட்டை வைத்து, ஓட்டையைச் சுற்றி ஓரம் அடித்தாள். மாட்டிப் பார்த்தபோது அவளுக்கே பெருமையாக இருந்தது.

சில்லறை கட்டிலில் படுத்தபடியே பார்த்தாள். "மூச்சு விடுற ஜீவனைப் போய் மூடி வச்சிருக்கீங்களே அண்ணி. அதுக்கு மூச்சு முட்டும்."

"சும்மா இருடி. ஓட்டை வச்சுத்தான் தச்சிருக்கேன்."

"அது வாலுக்கு. மூக்குக்கு?"

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு இருமலில் முடிந்தது, அண்ணி எழுந்து வெந்நீர் எடுக்கப் போனாள். சொன்னவளுக்கும் அது வேடிக்கைதான், கேட்டவளுக்கும் வேடிக்கைதான். அந்த வீட்டில் உறை போடுவது என்பது பல் தேய்ப்பது மாதிரி. அதில் தப்பு இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

பார்த்த வீடெல்லாம் கேட்டது. டீச்சர் ரோஜா நிறப் பைப்பிங் கேட்டார். பஞ்சர் கடைக்காரர் தன் பெட்டிக்கு மேலே ஒரு காது வைத்துத் தரச் சொன்னார், தூக்க வசதியாக. அண்ணி காசு வாங்கவில்லை. நாத்தனார் மூச்சைப் பிடித்துக்கொண்டு வீடு வீடாகப் போய் மாட்ட வைத்த பெட்டிகள்; தன் பங்குக்கு இதையாவது செய்யலாம் என்று நினைத்தாள். பத்துப் பெட்டிகளும் ஒரே அளவு, ஒரே தையல், ஒரே இறுக்கம்.

பெட்டிகளைத் திருப்பி வாங்க வரும் அன்று காலையில் அண்ணி எல்லா வீட்டுக்கும் போய் உறைகளைக் கழற்றிக்கொண்டு வந்தாள். பெட்டிகளை ஈரத் துணியால் ஒற்றித் துடைத்தாள். காத்துப் பொண்ணு வாங்கிப் பார்த்துவிட்டு, "ஐயோ, மத்த தெருவுல எல்லாம் கரி புடிச்சுக் குடுத்தாங்க. நீங்க புதுசு மாதிரி வச்சிருக்கீங்களே," என்றாள். அண்ணிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அன்று முழுக்க அந்த வார்த்தையைச் சில்லறையிடம் சொல்லிக் காட்டிக்கொண்டே இருந்தாள்.

முடிவு சொல்லும் கூட்டத்துக்கு அதே வகுப்பறைக்கு எல்லாரும் வந்திருந்தார்கள். காத்துப் பொண்ணு ஏனோ தயங்கித் தயங்கிப் பேசினாள். நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கும் பின் தெருவில் அளவு மிக அதிகம், காற்றைச் சுத்தம் செய்யும் பெட்டிகள் அங்கே போகின்றன. இந்தத் தெருவில் காற்று நன்றாக இருக்கிறது. மலைப்பக்கத்து ஊர்களில்தான் இப்படிச் சுத்தமாக இருக்கும்.

ஒரு நிமிஷம் யாருக்கும் புரியவில்லை. பிறகு, சொன்னால் நம்ப மாட்டீர்கள், நாலைந்து பேர் கைதட்டினார்கள். "நம்ம தெரு எப்பவுமே சுத்தம்தானே," என்றது ஒரு குரல். பரீட்சையில் பாஸானது மாதிரி முகங்கள் மலர்ந்தன. அண்ணிக்கும் ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, சந்தோஷம் வந்தது. அந்த நொடிக்காகத்தான் பின்னாளில் அவளால் தன்னையே மன்னிக்க முடியவில்லை.

சில்லறை எழவில்லை. உட்கார்ந்தபடியே, இருமலுக்கு நடுவில் கேட்டாள்.

"அப்போ என் நெஞ்சுக்குள்ள இருக்கறது என்னம்மா?"

கைதட்டல் நின்றது. காத்துப் பொண்ணு கையைப் பிசைந்தாள். "ஆபீஸ்லயும் நம்பலக்கா. திரும்பத் திரும்பப் பாத்தாங்க. ஒரு மிஷின் தப்பா காட்டலாம். பத்தும் ஒரே மாதிரி காட்டுதே, அது எப்படித் தப்பா இருக்கும்னுட்டாங்க." கொஞ்சம் யோசித்துவிட்டு, "மிஷின் மேல எதையும் போட்டு மூடலயே?" என்றாள்.

பத்து வீட்டுக்காரர்களும் பெஞ்சுகளில் திரும்பி அண்ணியைப் பார்த்தார்கள்.

"நான்தான் தைக்கச் சொன்னேன்," என்றாள் சில்லறை. பட்டென்று, கணீரென்று. சுங்கச்சாவடிக் குரல். "அண்ணி வேணாம்னாங்க. நான்தான் தூசி விழுதுன்னு சொல்லித் தைக்க வச்சேன்."

"பொய் சொல்றாம்மா," என்று அண்ணி எழுந்தாள். "இவ வேணாம்னுதான் சொன்னா. மூச்சு முட்டும்னு சொன்னா. நான்தான் தச்சேன். பத்தும் நான்தான் தச்சேன்."

திட்டியிருந்தால் தேவலை. யாரும் திட்டவில்லை. ரோஜா நிறப் பைப்பிங் கேட்ட டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். காது கேட்டு வாங்கிய பஞ்சர் கடைக்காரர் ஜன்னல் பக்கம் பார்த்தார். காத்துப் பொண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. "மூடாதீங்கன்னு நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். எனக்குத் தோணவே இல்லக்கா," என்றாள். மிஷின்கள் அதற்குள் வேறு ஊருக்குப் போய்விட்டன. மறுபடி இந்தத் தெருவுக்கு வர, பனிக்காலம் கழிய வேண்டும்.

அந்தப் பெண்ணைக் குறை சொல்ல முடியாது. சில்லறைக்கு மட்டுமாவது காற்றைச் சுத்தம் செய்யும் பெட்டி ஒன்று கேட்டு அலுவலகத்தில் முட்டி மோதினாள். தெருவுக்குத்தான் கொடுப்போம், தனி ஆளுக்கு விதி இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள். அவள் தன்னால் ஆனதைச் செய்தாள். வந்து உட்கார்ந்து யோசனை சொன்னாள். வண்டிகள் நெரிசலாக ஊரும் காலையிலும் சாயங்காலத்திலும் ரோட்டுப்பக்க ஜன்னலைத் திறக்கக் கூடாது. விளக்குமாற்றால் வறட்டு வறட்டென்று பெருக்காமல் ஈரத் துணியால் துடைக்க வேண்டும். கட்டிலை ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் போட வேண்டும்.

எதிர்ப்பக்கம் இருந்தது சமையலறை மட்டும்தான். அண்ணி பாத்திர அலமாரியை நகர்த்திவிட்டுக் கட்டிலை அங்கே போட்டாள். ரோட்டுப்பக்க ஜன்னல் இடுக்குகளில் துணித் திரியை வைத்து அடைத்தாள். துணி வெட்டும்போது பறக்கும் பஞ்சுகூட நாத்தனார் மூக்கில் ஏறக் கூடாது என்று தையல் மிஷினைத் தூக்கி மாடிப்படி திருப்பத்தில் வைத்துக்கொண்டாள். அங்கே உட்கார்ந்து தைத்தால் ஏறி இறங்குகிறவர்கள் எல்லாம் அவள் முழங்காலை இடித்துக்கொண்டு போவார்கள். ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

சமையலறைக் கட்டிலில் படுத்துக்கொண்டு சில்லறை சமையலை மேற்பார்வை பார்த்தாள். "உப்பு போட்டாச்சு அண்ணி, நான் பாத்தேன், மறுபடி போடாதீங்க." "அந்தக் கரண்டி நேத்தே கழுவினதுதானே, எதுக்கு மறுபடி?" "இவ்வளவு நாளா இப்படித்தான் சமைச்சீங்களா? தெரிஞ்சிருந்தா ஓட்டல்ல சாப்பிட்டிருப்பேனே." அண்ணி பதிலுக்குத் திட்டுவாள். திட்டிக்கொண்டே அவள் மூச்சு ஏறி இறங்குவதைக் காதால் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் தாள முடியாமல், "என்னாலதான்டி," என்றாள் அண்ணி. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள், அதனால் அழுவதற்கு வசதியாக இருந்தது.

"ஆமா, உங்களாலதான். ரோட்டைக்கூட நீங்கதான் போட்டீங்க. லாரி எல்லாம் உங்க மாமா பசங்க ஓட்டுறாங்க," என்றாள் சில்லறை. பிறகு குரலை இறக்கி, "அண்ணி, எனக்கு ஒரே ஒரு கவலைதான். அடுத்த தடவை அந்தப் பொட்டி வரும்போது நீங்க பயந்துகிட்டு ஒதுங்கிடக் கூடாது. பத்து வீட்டுலயும் நீங்கதான் நின்னு மாட்டணும். சொல்லிட்டேன்," என்றாள்.

பனி இறங்கியது. நெடுஞ்சாலையில் வண்டிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தன. எஞ்சின்கள் நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தன. திரி வைத்து அடைத்த இடுக்கையும் மீறிப் புகை வாசனை வந்தது. ஒரு காலையில் சில்லறைக்கு உதடு நீலமாகிவிட்டது. பஞ்சர் கடைக்காரர் கடையைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டு ஓடி வந்து தூக்கினார்.

ஆஸ்பத்திரியில் அவள் மூக்கையும் வாயையும் மூடி ஆக்ஸிஜன் முகமூடி போட்டிருந்தார்கள். அண்ணி கட்டில் ஓரமாக உட்கார்ந்து, பழக்க தோஷத்தில், கட்டில் கம்பியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். சில்லறை கையை அசைத்துக் கூப்பிட்டாள். முகமூடியைக் கொஞ்சம் தூக்கினாள்.

"அண்ணி... எனக்கும் கவர் போட்டுட்டாங்க பாருங்க."

அண்ணி சிரித்துவிட்டாள். என்ன செய்வது, அவள் எது சொன்னாலும் சிரித்துப் பழகிய வாய். "பேசாம படுடி," என்று முகமூடியைச் சரியாக வைத்துவிட்டாள். மூலையில் தொளதொளப்பாக இருந்ததை இழுத்துப் பொருத்தினாள். சில்லறை கண்ணாலேயே சிரித்தாள். அதுதான் கடைசிப் பேச்சு. மறுநாள் மத்தியானம் அண்ணி டீ வாங்கக் கீழே போயிருந்தாள், இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான். திரும்பி வந்தபோது முகமூடியைக் கழற்றியிருந்தார்கள்.

அதற்குப் பிறகு அண்ணி கொஞ்ச காலம் மிஷினில் உட்காரவில்லை. தையல் மிஷின் படித் திருப்பத்திலேயே கிடந்தது, அதற்கு அவள் போட்ட உறையோடு. கட்டிலும் சமையலறையிலேயே கிடந்தது. சமைக்கும்போது உப்பு போட்டாளா இல்லையா என்று அவளுக்கே தெரியாது. சொல்வதற்கு ஆள் இல்லை. இரண்டு தடவை போட்டுவிட்டு, அப்படியே சாப்பிடுவாள்.

பனி போனது. அளக்கும் பெட்டிகள் மறுபடி வந்தன. காத்துப் பொண்ணு அண்ணி வீட்டு வாசலில் வந்து நின்றாள், உள்ளே வரத் தயங்கி. அண்ணியே வெளியே வந்து பெட்டிகளை வாங்கிக்கொண்டாள். வீடு வீடாகப் போனாள். நாத்தனார் நின்று நின்று ஏறிய படிகளில் ஏறினாள், அவள் பிடித்த சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு ஜன்னலிலும் மாட்டிவிட்டு ஒரே வார்த்தையைச் சொன்னாள். "அழுக்காகட்டும். தொடாதீங்க."

தன் வீட்டு ஜன்னலில் மாட்டிய பெட்டிதான் அவள் உயிரை வாங்கியது. நாளுக்கு நாள் அதன் தலையில் கறுப்பு ஏறியது. வெள்ளை, சாம்பலாகி, கரியானது. கை துறுதுறுவென்று துணியைத் தேடும். போய் நிற்பாள். துணியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பி வந்துவிடுவாள். இவ்வளவும் நாத்தனாரின் நெஞ்சுக்குள் போயிருக்கிறது, நான் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறேன் என்று நினைப்பாள். பிறகு அழுவாள்.

இந்த முறை முடிவில் சந்தேகத்துக்கே இடமில்லை. பின் தெருவைவிடப் பல மடங்கு மோசம். யாரும் கைதட்டவில்லை. காற்றைச் சுத்தம் செய்யும் பெட்டிகள் கொடுப்பதற்காகக் காத்துப் பொண்ணு வீடு வீடாக விவரம் கேட்டுக்கொண்டு வந்தாள். பஞ்சர் கடைக்காரரின் மகளுக்கு இழுப்பு, டீச்சருக்கு ஆஸ்துமா. அண்ணி வீட்டு வாசலுக்கு வந்ததும் கையிலிருந்த தாளைப் புரட்ட ஆரம்பித்தாள். கேட்க வேண்டிய கேள்வியை அண்ணிதான் எடுத்துக் கொடுத்தாள்.

"மூச்சு வியாதிக்காரங்க யாராவது இருக்காங்களான்னு கேக்கணும். அதானே? கேளும்மா."

"அக்கா..."

"யாரும் இல்லம்மா. எங்க வீட்டுல யாரும் இல்ல. அடுத்த வீட்டுக்குப் போ."

அண்ணி வீட்டுக்குப் பெட்டி வரவில்லை. வரவும் நியாயமில்லை என்று அவளே சொன்னாள். ஆனால் பெட்டிகளுக்குள் இருக்கும் வடிகட்டித் துணியை அவ்வப்போது மாற்ற வேண்டும் என்றதும், அந்த வேலையை நான் பார்க்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். துணி, மடிப்பு, பொருத்துவது எல்லாம் அவள் கை அறிந்த சங்கதிதானே.

முதன்முதலில் மாற்றியது பஞ்சர் கடைக்காரர் வீட்டில். மூடியைத் திறந்து வடிகட்டித் துணி மடித்த அட்டையை உருவினாள். போட்டபோது பால் வெள்ளையாக, விசிறி மாதிரி மடிப்பு மடிப்பாக இருந்தது. இப்போது ஒரு மடிப்புக்கும் இன்னொரு மடிப்புக்கும் நடுவில் கறுப்பு அடைத்துக்கொண்டிருந்தது. விரலால் தொட்டாள். இழுபட்டது.

"அடேயப்பா! இவ்வளவுமா? இது மாட்டி ஒரு மாசம்கூட ஆகலயே," என்றார் பஞ்சர் கடைக்காரர். அவர் மகள் கட்டிலில் உட்கார்ந்து, இருமாமல், படம் வரைந்துகொண்டிருந்தாள். "குடுங்க அண்ணி, குப்பையில போட்டுடறேன்."

"வேணாம். எனக்கு வேணும்," என்றாள் அண்ணி.

தடுப்புச் சுவர் பற்றிப் பேசச் சாலை அலுவலகத்து அதிகாரி அதே பள்ளிக்கூடத்து வகுப்பறைக்கு வந்த கூட்டத்துக்கு அதைக் கையில் எடுத்துக்கொண்டு போனாள். அவர் மேஜை மேல் வைத்தாள். அவர் நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டு, "கீழ வைங்கம்மா, டேபிள் அழுக்காகுது," என்றார்.

"ஆகட்டும் சார்," என்றாள் அண்ணி. "எங்க நாத்தனார் இதே ரூம்ல உக்காந்து ஒரு கேள்வி கேட்டா. என் நெஞ்சுக்குள்ள இருக்கறது என்னன்னு. இதுதான் சார். பதில் வர்றதுக்குள்ள அவ போய்ட்டா."

சுவர் வருகிறது என்கிறார்கள். அளந்துகொண்டு போயிருக்கிறார்கள், ஓரத்தில் கோடு போட்டிருக்கிறார்கள். வந்தால் பார்க்கலாம்.

அண்ணி மறுபடி தைக்க ஆரம்பித்துவிட்டாள். வயிறு என்று ஒன்று இருக்கிறதே. மிஷின் திரும்பவும் முன்னறைக்கு வந்துவிட்டது. சமையலறைக் கட்டில் மட்டும் அங்கேயே இருக்கிறது. அதன் தலைமாட்டில், தலையணைக்கு மேலே உள்ள பலகையில், அந்தக் கறுத்துப்போன அட்டையை நிறுத்தி வைத்திருக்கிறாள். உறை தைக்கக் கொடுக்க வந்த டீச்சர் ஒருநாள் தண்ணீர் குடிக்க உள்ளே போனவர் அதைப் பார்த்துவிட்டார். அந்த வீட்டில் உறை இல்லாத ஒரே பொருள் அதுதான்.

"ஏன் அண்ணி, இதுக்கு மட்டும் கவர் போடலயா? கரி கொட்டுதே."

அண்ணி அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"வேணாம் டீச்சர். அவளுக்கு மூச்சு முட்டும்."